செடிகொடிக் கேள்விகள்: ரோஜாப் பாத்தியைத் தாண்டி நடங்கள்

பாடசாலைச் சுற்றுலாக் காலம் வந்துவிட்டது போலிருக்கிறது. இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பூங்காக்களைப் பற்றியவை. தக்காளி வாடல் நோய், கோழி எருக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

டீச்சர், தரம் 9 பிள்ளைகளைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப் போக வேண்டும். ஒவ்வொரு வருடமும் பேராதனைதான். இம்முறை நம் நாட்டுச் செடிகளுக்கென்றே உள்ள பூங்காவுக்குப் போகலாமே என்று அதிபரிடம் சொல்லிவிட்டேன். அப்படி ஒன்று மலையகத்தில் இருக்கிறதா? எங்கே, என்ன பார்ப்பது?
– ஓர் ஆசிரியை, ஹட்டன்

அதிபரிடம் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு எனக்கு எழுதுகிறீர்கள். தைரியசாலிதான்.

சுதேச தாவரங்களை முன்வைத்து அமைத்த பூங்காக்கள் நாட்டில் உண்டு. ஆனால் அவை கீழே இருக்கின்றன. ஹம்பாந்தோட்டைப் பக்கம் மிரிஜ்ஜவிலவில் உலர் வலயத் தாவரங்களுக்காக 300 ஏக்கரில் ஒரு பூங்காவை 2013இல் திறந்தார்கள். ஈர வலயத் தாழ்நிலக் காட்டு மரங்களுக்கு அவிசாவளையில் சீதாவக்கைப் பூங்கா இருக்கிறது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல வழியாக நேரே இறங்கினால் அவிசாவளை. விடியற்காலையில் பஸ் புறப்பட்டால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

ஆனால் உங்கள் பிள்ளைகள் மலையில் பிறந்தவர்கள். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மலைச் செடி. பனியிலும் காற்றிலும் வளர்ந்த செடியை அவிசாவளை வெக்கையில் கொண்டுபோய் வைத்தால் தாங்காது. அதனால் அந்தப் பூங்காக்களில் மலைக்காட்டைத் தேடிப் பயனில்லை. நான் ஹக்கலவுக்குப் போகச் சொல்வேன்.

“ஹக்கலவா? அது ரோஜாத் தோட்டமாச்சே” என்பீர்கள். சரிதான். ஹக்கல நம் செடிக்காகப் பிறந்த பூங்கா அல்ல. 1861இல் பேராதனைப் பூங்காவின் தலைவராக இருந்த துவைற்ஸ் என்பவர், தென் அமெரிக்காவின் சின்கோனா மரத்தை இங்கே வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம் அது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் வருகிறது. பிறகு கோப்பி நோயில் விழுந்தபோது துரைமார் சிறிது காலம் சின்கோனாவைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் விலை சரிந்ததும் தேயிலைக்கு மாறினார்கள். பேராதனையும் அதே கதைதான். 1821இல் தொடங்கியதிலிருந்து அங்கே உலகத்து மரமெல்லாம் வந்து இறங்கியது. சீஷெல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காயைப் பார்க்கத்தான் இன்றும் கூட்டம் நிற்கிறது. பூங்கா வழியாக வந்த எல்லாம் பூங்காவோடு நிற்கவும் இல்லை. இன்று காடுமேடெல்லாம் படர்ந்து கிடக்கும் உண்ணிச்செடி, சிங்களத்தில் கந்தபான என்பார்களே, அது 1826இல் பேராதனைக்கு அழகுச் செடியாக வந்ததுதான்.

அப்படியானால் ஹக்கலவில் என்ன இருக்கிறது? அதன் மேல் ஓரம் இருக்கிறது. பூங்கா ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில், ஹக்கல மலையின் சரிவில் கிடக்கிறது. கீழே வாசல் பக்கம் ரோஜாப் பாத்தி, புல்தரை, சைப்பிரஸ், ஜப்பானிய சீடர் மரங்கள். மேலே ஏற ஏற மனிதன் வைத்த செடி குறைந்துகொண்டே போய் மலைக்காடு தொடங்கிவிடும். அந்தக் காடு இறுக்கமான இயற்கை ஒதுக்கிடம், உள்ளே போக அனுமதி இல்லை. போகவும் தேவையில்லை. ஓரத்தில் நின்றாலே போதும், காடு பாதை வரைக்கும் வந்து நிற்கிறது.

பிள்ளைகளை நேரே மேலே ஏற்றிவிடாதீர்கள். ரோஜாவுக்கு முன்னால் போட்டோ எடுக்காமல் எந்தப் பிள்ளையும் நகராது. அரை மணித்தியாலம் விட்டுவிடுங்கள், ஆசை தீரட்டும். பிறகு பன்னங்கள் நிற்கும் சரிவுக்கு வாருங்கள். மரப்பன்னத்தின் உச்சியில் சுருண்டிருக்கும் இளம் இலையை நின்று பார்க்கச் சொல்லுங்கள். அது முழுக்கப் பழுப்பு மயிர் மூடியிருக்கும். விரியும்போது அடியிலிருந்து நுனியை நோக்கி அவிழும். பாடப் புத்தகத்தில் பன்னம் பூக்காது, விதை இல்லை, வித்திதான் என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். இலையின் அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாக இருக்கும் புள்ளிகளைக் காட்டினால் அந்த வரி அப்போதுதான் புரியும்.

இனி காட்டோரம். இங்கே நான் பிள்ளைகளிடம் சொந்தக்காரரைத் தேடச் சொல்வது வழக்கம். முன்பின் தெரியாத நாற்பது மரப் பெயரை எழுதிப் போட்டால் பஸ் ஏறுவதற்குள் மறந்துவிடும். தெரிந்த மரத்தின் சொந்தக்காரன் என்றால் மறக்காது. கடற்கரையில் நிற்கும் புன்னை தெரியுமல்லவா? அதன் மலைச் சொந்தம் கீன மரம், இலங்கைக்கு மட்டுமே உரியது. விழுந்து கிடக்கும் கீன இலை ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் சீப்புப் பல் போல நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். புன்னை இலையிலும் இதே கோடுதான். புன்னை இலை உள்ளங்கை நிறையும், கீன இலை சிறிது, தடிப்பு. நாவலுக்கும் இங்கே சொந்தங்கள் உண்டு, உருண்டையான சிறு இலையோடு, சில இனங்கள் நம் நாட்டில் மட்டும். கறுவாவுக்கு ஒரு காட்டுக் கறுவா. செண்பகத்துக்கு ஒரு மலைச் செண்பகம், அது நீலகிரியிலும் உண்டு.

அடுத்த கேள்வி தானாக வரும்: ஏன் டீச்சர் இங்கே எல்லா இலையும் சின்னதாக, தடிப்பாக இருக்கு? அந்தக் கேள்வி வராவிட்டால் நீங்களே கேளுங்கள். பதிலைப் பிள்ளைகளே சொல்வார்கள். காற்று அடிக்கிறது, இரவில் குளிர், பகலில் மேகம் விலகினால் சுள்ளென்று வெயில். பெரிய மெல்லிய இலை கிழிந்துபோகும். மரமும் அதே காரணத்தால் உயரம் போகாமல் முறுகி நிற்கிறது. கிளையில் தொங்கும் பாசியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மழை பெய்யாத நாளிலும் ஈரமாக இருக்கும். பனிமூட்டத்திலிருந்து தண்ணீரைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு விடுவது அதுதான். நம் தோட்டத்துப் பீலிக்கு வரும் தண்ணீர் இப்படிப்பட்ட காட்டில் தொடங்குகிறது என்று சொன்னால் போதும், சூழல் பாடம் தனியாக நடத்தத் தேவையில்லை.

இளந்தளிர்கள் பல மரங்களில் சிவந்திருக்கும். தூரத்தில் பார்த்துப் பூ என்று சத்தம் போடுவார்கள், கிட்டப் போய்ப் பார்க்கட்டும். மரத்தில் கறுப்பாக, பெரிதாக ஒன்று நகர்ந்தால் பயப்பட வேண்டாம். அது மலைநாட்டுக் குரங்கு, நம் ஊர்க் குரங்கைவிட மயிர் அடர்த்தி. வெள்ளைக்காரர் அதைக் கரடிக் குரங்கு என்றார்கள். சாப்பாட்டுப் பார்சலை மட்டும் திறந்து வைக்காதீர்கள்.

நாலு பேருக்கு ஒரு மரம் என்று பிரித்துக் கொடுங்கள். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பட்டை, அதில் ஏறியிருக்கும் செடி, கீழே விழுந்து கிடப்பது. இவ்வளவையும் வரையட்டும், பறிக்கக் கூடாது. பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். பட்டியலை ஒரு பிள்ளை எழுதும், மற்ற மூன்றும் கொப்பி அடிக்கும். நானும் வகுப்பறையில் காலம் கழித்தவள்தானே.

வழி தெரியும்தானே? கோச்சி என்றால் நானுஓயாவில் இறங்கி நுவரெலியா போக வேண்டும். அங்கிருந்து வெலிமடை, பதுளை பஸ் எல்லாம் பூங்கா வாசலைத் தாண்டித்தான் போகும், ஏறத்தாழ 10 கிலோமீற்றர். ஏப்ரல் வசந்த காலத்தில் மட்டும் போகாதீர்கள். அப்போது நுவரெலியாவில் மனிதத் தலையைத்தான் பார்க்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, காலையில் வானம் தெளிவாக இருக்கும்.

சீத்தா எலிய அம்மன் கோயிலுக்குப் போனபோது, பக்கத்து ஹக்கலப் பூங்காதான் அசோகவனம் என்று சொன்னார்கள். உள்ளே போய் அசோக மரத்தைத் தேடினேன், ஒருவரும் காட்டவில்லை. உண்மையில் அங்கே உண்டா?
– ஒரு பக்தர், திருகோணமலை

ஐயா, கோயில்காரரோடு என்னைக் கோர்த்துவிடப் பார்க்கிறீர்கள். நம்பிக்கை நம்பிக்கையாக இருக்கட்டும், மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அசல் அசோகம் ஈரமான தாழ்நிலத்து மரம். நம் நாட்டில் ஓடைக்கரைகளில் தானாக வளரும். செம்மஞ்சள் பூ, தடித்த கிளையிலேயே கொத்தாக ஒட்டிப் பூக்கும், தளிர் துவண்டு தொங்கும். ஹக்கலக் குளிர் அதற்குப் பிறந்த வீடு அல்ல. இன்னொரு குழப்பமும் உண்டு. பாடசாலை, வங்கி வாசல்களில் ஒல்லியாக, உயரமாக வைத்திருக்கிறார்களே, அதை எல்லோரும் அசோக மரம் என்கிறார்கள். அது நெட்டிலிங்கம், வேறு குடும்பம். அதன் பூ பச்சை, யாரும் கவனிப்பதே இல்லை.

இந்தப் பக்கத்து மலைகளில் அசோகம் என்று சிலர் காட்டுவது மகா ரத்மல் மரத்தை. ரொடோடென்ட்ரன் என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். காட்டுவதில் குற்றம் சொல்ல முடியாது, அப்படி ஒரு சிவப்பு. இமயமலையில் பூக்கும் அதே இனம். நேபாளத்தின் தேசியப் பூவும் அதுதான். நீலகிரியில் ஒரு கிளை வகை, நம் மலையில் ஒரு கிளை வகை. நம்முடையது வேறெங்கும் இல்லை. ரொடோடென்ட்ரன் பேரினத்தில் இலங்கையில் தானாக வளர்வது இது ஒன்றே.

பூ இல்லாத காலத்திலும் அடையாளம் சொல்கிறேன். இலை தடிப்பு, மேல்பக்கம் சொரசொரப்பு, ஓரம் உள்நோக்கி மடங்கியிருக்கும். திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கத் தவிட்டு நிறத்தில் மெத்தை மாதிரி மயிர். விரலால் தடவிப் பாருங்கள், ஒருமுறை தடவியவர் பிறகு வேறு மரத்தோடு குழம்ப மாட்டார். மரம் வளைந்து, பட்டை வெடித்து, ஆயிரம் வயது ஆனது போல நிற்கும். சீதையம்மன் அதன் கீழே இருந்தாரோ என்னவோ, இருந்திருந்தால் நிழல் போதாது.

ஹோர்ட்டன் சமவெளிக்கு நண்பர்களோடு போக இருக்கிறோம். உலக முடிவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். செடி பார்க்கிற ஆட்கள் அங்கே எதைக் கவனிக்க வேண்டும்? நெலுப் பூ எப்போது பூக்கும்?
– கல்லூரி மாணவன், பண்டாரவளை

தம்பி, உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் அதிகாலையில் நின்றால் 800 மீற்றருக்கு மேல் கீழே தெரியும். நேரம் போனால் வெள்ளை மேகம் மட்டும்தான் தெரியும். எல்லோரும் அதற்காக ஓடுவார்கள், ஓடட்டும். நீங்கள் 9 கிலோமீற்றர் சுற்றுப் பாதையைத் திரும்பி வரும்போது மெதுவாக நடங்கள்.

அந்தப் புல்வெளியில் உங்களுக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, குடை விரித்த மாதிரி தலை தட்டையாக நிற்கும் கீன மரங்கள், நடுவே ரத்மல், காட்டுக்குள் மூங்கில் புதர், ஓடைக்கரையில் பன்னம். ஏப்ரலிலும் அதற்குப் பிந்திய மாதங்களிலும் போனால் ரத்மல் பூவைப் பார்க்க வாய்ப்பு அதிகம். மற்றது, மஞ்சள் பூவோடு முள்ளாக நிற்கும் ஒரு புதர். பார்க்க வடிவாக இருக்கும், எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். அது கோர்ஸ், ஐரோப்பாவிலிருந்து வந்தது. புல்வெளியைத் தின்றுகொண்டு வருகிறது. பிடுங்கினாலும் மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் கழித்து முளைக்கும். அந்தச் சமவெளியில் ஒரு காலம் உருளைக்கிழங்குகூடப் போட்டார்கள். 1988இல்தான் தேசியப் பூங்கா ஆனது. 2010இல் சிவனொளிபாதமலை வனம், நக்கிள்ஸ் மலை இரண்டோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

இடையிடையே பட்டுப்போய் நிற்கும் மரங்களையும் காண்பீர்கள். வறட்சி, மண், காற்றில் வரும் மாசு என்று பல காரணம் சொல்கிறார்கள். ஒன்றுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் முடித்துச் சொல்லவில்லை.

நெலுவுக்கு வருவோம். நம் குறிஞ்சியும் இதுவும் ஒரே பேரினம். இலங்கையில் முப்பது வகைக்குப் பக்கம் இருக்கின்றன, பெரும்பாலானவை இந்த மண்ணுக்கு மட்டுமே உரியவை. ஏறத்தாழ 12 வருடத்துக்கு ஒரு முறை காடு முழுக்க ஒன்றாகப் பூத்து, விதைத்து, செத்துவிடும். ஹோர்ட்டனில் 2013இல் அப்படிப் பூத்தது. எல்லா வகைக்கும் ஒரே கணக்கு இல்லை, கணக்குத் தப்பி ஒன்றிரண்டு புதர் பூப்பதும் உண்டு. அதனால் பூ இல்லாத வருடம் போனாலும் காட்டோரத்தில் கண்ணை வையுங்கள். நெலு பூத்தால் தேனீக்குக் கொண்டாட்டம். விதை உதிர்ந்தால் காட்டுக்கோழிக்குக் கொண்டாட்டம், தின்ற கோழி போதையில் தள்ளாடும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நான் பார்த்த கோழிகள் எல்லாம் நிதானமாகத்தான் ஓடின.

பொலித்தீன் கொண்டு போகாதீர்கள், வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். பாணையும் சம்பலையும் டப்பாவில் கட்டிக்கொள்ளுங்கள். மரைக்குத் தீனி கொடுக்காதீர்கள், அது கேட்கும்.

உங்கள் பத்தியைப் படித்துப் படித்து எனக்கும் நம் நாட்டுச் செடி வளர்க்க ஆசை. லயத்து வாசலில் கொஞ்சம் இடம் இருக்கிறது. காட்டுப் பக்கம் போகிற தம்பி ஓர்க்கிட், பன்னம் எல்லாம் பிடுங்கி வந்து தருகிறேன் என்கிறான். வாங்கி வைக்கலாமா அக்கா?
– இல்லத்தரசி, தலவாக்கலை

வேண்டாம், தங்கச்சி. ஒதுக்குக் காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம், தம்பியை மாட்டிவிடாதீர்கள். அதோடு அந்த ஓர்க்கிட் பிழைக்காது. அதன் வேர் மரப்பட்டையோடு ஒட்டி வாழ்வது. பிய்த்தால் பாதி வேர் மரத்திலேயே நின்றுவிடும். இரண்டு மாதம் பச்சையாக இருந்து ஏமாற்றும், அப்புறம் கருகும். ஓர்க்கிட் விதை முளைப்பதற்கே ஒருவகைப் பூஞ்சையின் துணை வேண்டும். அதனால் பிடுங்கிய இடத்தில் இன்னொன்று சீக்கிரம் வராது. மே மாதத்தை ஒட்டிப் பூக்கும் வெசாக் மல், உலகில் இலங்கையில் மட்டுமே உள்ள ஓர்க்கிட். கீழ்நாட்டு ஈரக்காடுகளில் இன்று அதைத் தேட வேண்டியிருக்கிறது. ஆசைப்பட்டுப் பிடுங்கியவர்கள் அத்தனை பேர்.

நம் நாட்டில் பூக்கும் தாவர வகைகள் 3,000 அளவில் இருக்கின்றன, அதில் கால்வாசிக்கும் மேல் வேறெங்கும் கிடையாது. ஆனால் நம் லயத்தைச் சுற்றிப் பார்த்தால் ஒன்றுகூட இராது. மலையில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு, அதாவது கிரெவில்லியா, அவுஸ்திரேலியா. யூக்கலிப்டஸும் அங்கிருந்துதான். தேயிலை நம்முடையதா என்ன? கானோரம் ரோஸும் சிவப்புமாகப் பூத்துக் கிடக்கும் பால்சம் கிழக்கு ஆபிரிக்கா. எங்கள் அம்மா கொழுந்துக் கூடையோடு வரும்போது அந்தப் பூவைப் பறித்துவந்து சாமிப்படத்துக்கு வைப்பார், நான் வளரும் வரை அது நம் மலையின் பூ என்றே நம்பியிருந்தேன். நம் பால்சம் வகைகள் காட்டுக்குள் ஈரப் பாறையோரம் இருக்கின்றன, சிங்களத்தில் குடலு என்பார்கள். முற்றிய காயைத் தொட்டால் விரலில் வெடித்துச் சுருளும். அதில் மட்டும் ஆபிரிக்காவுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

வாசலுக்கு என்ன வைப்பது? முதலில் வல்லாரை. ஈரமான இடத்தில் இரண்டு கொடியை ஊன்றினால் போதும், சம்பலுக்கும் ஆச்சு. வேலியோரம் வெயில் விழும் இடத்தில் சாத்தாவாரி. ஊசி ஊசியான இலை, பூந்தொட்டிக்கு வைக்கும் பன்னத்தைவிட அழகு, இலையைக் கஞ்சிக்கும் போடலாம், முள் மட்டும் கவனம். ஒரு கறுவாக் கன்றும் வையுங்கள். உங்கள் உயரத்தில் மெதுவாகத்தான் வரும், ஆனால் சிவந்த தளிருக்காகவே வைக்கலாம். கன்று வேண்டுமென்றால் தாவரவியல் பூங்காவின் விற்பனைப் பகுதியில் கேளுங்கள், அல்லது வீட்டில் வைத்திருப்பவரிடம் கேளுங்கள். செடி கேட்டால் இல்லை என்று சொல்லும் பொம்பளையை மலையகத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.

பூங்காவில் அட்டை கடிக்குமா?
– தரம் 7 மாணவி, மாத்தளை

மழை பெய்தால் காட்டோரத்தில் கடிக்கும், மகள். நடைபாதையில் அவ்வளவு இல்லை. காலில் சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்துக் காயவிட்டு, காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்து விடுங்கள். ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல் கொஞ்சம் உப்பு போடுங்கள், அல்லது நகத்தால் அதன் வாயோரமாகத் தள்ளுங்கள், விழுந்துவிடும். இரத்தம் சிறிது நேரம் நிற்காது, அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது. அழுத்திப் பிடித்துத் துடைத்தால் சரி. வகுப்பில் யாராவது பெரிதாகக் கத்தினால், அது அனேகமாக ஆசிரியராகத்தான் இருக்கும்.